முதுகு ஊசியில் வலி மருந்து சேர்ப்பதா? சேர்த்தால் எதை?

சித்தி விழுந்தது காப்பிக்களத்தில். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பி, நடுநடுவே மிளகுக்கொடி. தை மாதம் பழம் அலசிய தண்ணீர் களத்தோரம் தேங்கிக் கிடக்க, அதில் கால் வழுக்கி இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயது 71. மலையிலிருந்து அடிவாரம் வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது கால் அரை அங்குலம் நகருமாம், அந்த அரை அங்குலத்துக்கு அம்மா என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டார் என்று கூட வந்த சித்தி மகன் சொன்னான்.

அவன்தான் அன்று மதியம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, நாளைக்கு ஆபரேஷன். முதுகுல ஊசி போட்டுத்தான் பண்ணுவாங்களாம். அதுலயே வலிக்கு ஒரு மருந்து சேர்த்துப் போட்டா ஒரு நாள் முழுக்க வலியே தெரியாதுன்னு பக்கத்துப் பெட்டுக்காரங்க சொல்றாங்க. போடச் சொல்லட்டுமா?"

நான் மயக்க மருத்துவர். சேலத்தில் நாலைந்து நர்சிங் ஹோம்களுக்கு மாறி மாறிப் போகிறவள். இந்தக் கேள்வியை வருஷத்துக்கு நூறு பேராவது கேட்கிறார்கள். "போடலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்ததில்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அன்று ராத்திரி அந்த வார்டில் யார் முழித்திருப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

முதலில் ஊசியைப் பற்றி. ஸ்பைனல் என்று நாம் சொல்வதில் முக்கிய மருந்து புபிவகெயின் 0.5 சதவீதம், 'ஹெவி' வகை. ஒரு மி.லி.க்கு 80 மி.கி. குளுக்கோஸ் கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனம், அதனால் படுக்கும் பக்கமாகப் பார்த்து இறங்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். நாங்கள் குத்துவது அதற்கும் கீழே, வெறும் நரம்பு இழைகள் நீரில் மிதக்கிற இடத்தில். "ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகு வலிக்குமாமே" என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டு மி.லி. போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கால் மரத்திருக்கும். பிரச்சினை அதற்கு அப்புறம்தான். மருந்தின் வீரியம் இறங்க இறங்க வலி ஒரேயடியாக வந்து உட்காரும், அதுவும் பெரும்பாலும் சாயங்காலம், டாக்டர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து.

இதைத் தள்ளிப்போடத்தான் அந்த ஊசியிலேயே இன்னொரு மருந்தைத் துளி சேர்ப்பது. மனிதர்களுக்கு இப்படி முதுகு வழியாக மார்ஃபின் கொடுத்ததைப் பற்றிய கட்டுரை 1979-ல் வந்தது, தீராத புற்றுநோய் வலியில் இருந்தவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ரத்தத்தில் போட்டால் 10 மி.கி. தேவைப்படுகிற மருந்து, முதுகில் 0.1 மி.கி. போதும். நூறில் ஒரு பங்கு. வலிச் செய்தி மூளைக்கு ஏறுகிற வாசலிலேயே மருந்து போய் நிற்கிறது, அதனால்தான் அவ்வளவு சின்ன அளவே போதுமானதாக இருக்கிறது.

சரி, எதைச் சேர்ப்பது? தினமும் தியேட்டரில் புழங்குவது ஃபென்டனில். 10 முதல் 25 மைக்ரோகிராம் (ஒரு மி.கி.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்). கொழுப்பில் கரையும் மருந்து, அதனால் போட்ட இடத்திலேயே தண்டுவடத்துக்குள் இறங்கிவிடும், நீரில் மிதந்துகொண்டு மேலே போவது மிகக் குறைவு. ஐந்து பத்து நிமிஷத்தில் வேலை தொடங்கும், ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே குடலை இழுத்தால் வருகிற அந்தக் குமட்டலும் அசௌகரியமும் குறையும். ஆனால் இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் அதன் கதை முடிந்தது. மூச்சைக் குறைக்கும் ஆபத்து வந்தாலும் ஆரம்பத்திலேயே, நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதே வரும். லேசாக அரிக்கும். என்னைக் கேட்டால் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இதுதான் நம்பகமான மருந்து. ஆனால் "ஒரு நாள் முழுக்க வலி இல்லை" என்பதை இது தராது.

அதைத் தருவது மார்ஃபின். பக்கத்துப் பெட்டுக்காரர் சொன்னதும் இதைத்தான். 100 முதல் 150 மைக்ரோகிராம் போட்டால் 12 முதல் 24 மணி நேரம் வரை வலி அடங்கிக் கிடக்கும். சிசேரியன் ஆன பெண் அன்று ராத்திரியே எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பார்த்தவர்கள் இந்த மருந்தை விட மாட்டார்கள், நானும் விடுவதில்லை. ஆனால் மார்ஃபின் தண்ணீரோடு சேருகிற மருந்து. போட்ட இடத்தில் நிற்காமல் தண்டுவட நீரோடு மெல்ல மெல்ல மேலே ஏறி, மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு வரை போகும். மூச்சு மந்தமாகும் ஆபத்து ஊசி போட்டு 6 முதல் 18 மணி நேரம் வரை கூட இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போட்டால் சாயங்காலம் நாலிலிருந்து மறுநாள் விடியற்காலை நாலு வரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள்? அமெரிக்க மயக்க மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், முதுகில் மார்ஃபின் போட்டவரை முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒரு முறையும், அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறது. நல்ல ஆரோக்கியமான பிரசவப் பெண்ணுக்குக் குறைந்த அளவு போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று அங்குள்ள பிரசவ மயக்க மருத்துவர்கள் சங்கம் பின்னர் தளர்த்தியது. எப்படி இருந்தாலும் ஒருவர் எழுந்து வந்து, நின்று, எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இது எப்படி உறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் கர்ப்பப்பை ஆபரேஷன். 200 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்த்தேன், அப்போது அப்படித்தான் போடுவோம். அந்த அம்மாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மூக்கு நுனியில் அரிப்பு ஆரம்பித்து முகமெல்லாம் சொறிந்துகொண்டிருக்கிறார். சிஸ்டர் போனில் யாரையோ கேட்டு, அலர்ஜிக்குப் போடும் ஏவில் ஊசியைப் போட்டுவிட்டார். அரிப்பு நின்றதோ இல்லையோ, அந்த அம்மா நன்றாகத் தூங்கிவிட்டார், மகனும் "இன்னைக்குத்தான் அம்மா நிம்மதியாத் தூங்குறாங்க" என்று விளக்கை அணைத்திருக்கிறான். ஒன்றரை மணிக்குப் பக்கத்துப் பெட்டுப் பாட்டி பாத்ரூம் போக எழுந்தவர், குறட்டை விட்டு விட்டு வருகிறதே என்று சிஸ்டரை எழுப்பியிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. மார்ஃபினை முறிக்கிற நாலாக்ஸோன் அங்கே ட்ரேயில் இல்லை. வேறு இடத்திலிருந்து வரும்வரை இருபது நிமிஷம் மாஸ்க் வைத்துக் கையால் மூச்சுக் கொடுத்தோம். பிழைத்துவிட்டார், மறுநாள் இட்லி சாப்பிட்டார். ஆனால் தப்பு என்னுடையது. மருந்தைப் போட்டேன், ராத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதில் மூன்று பாடம் எனக்கு. ஒன்று, மார்ஃபின் அரிப்பு அலர்ஜி அரிப்பு இல்லை, ஏவில் அதைத் தீர்ப்பதைவிடத் தூக்கத்தைத்தான் கூட்டும், அந்தத் தூக்கம் மூச்சு மந்தத்தை மறைத்துவிடும். இரண்டு, நாலாக்ஸோன் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்தால் போதாது, வார்டில் இருக்க வேண்டும், அதிலும் அதன் வீரியம் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், மார்ஃபினுடையது இறங்காது, அதனால் ஒரு ஊசி போட்டுவிட்டு நிம்மதியாகப் போக முடியாது. மூன்றாவதுதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. விரலில் மாட்டும் கருவியில் 98 காட்டுகிறது என்று நம்பி இருக்கக் கூடாது. ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருந்தால் மூச்சு பாதியாகக் குறைந்த பிறகும் அது 98-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்து எண்ணுவதற்கு மாற்றுக் கிடையாது.

மார்ஃபினில் இன்னொரு தொல்லை அளவு. ஆம்பூல் 10 மி.கி. அல்லது 15 மி.கி. ஆக வருகிறது. நமக்கு வேண்டியதோ 0.1. நீர்த்து, அதை மறுபடி நீர்த்து எடுக்க வேண்டும், ஒரு படி தவறினால் பத்து மடங்கு போய்விடும். அதோடு பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத மருந்தாக இருக்க வேண்டும், அது எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. போதை மருந்துச் சட்டத்தில் 2014-ல் திருத்தம் வந்து மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றுக்கு உரிமம் வாங்குவது எளிதாக்கப்பட்டது என்றாலும், ரெஜிஸ்டர், பூட்டு, காலி ஆம்பூல் கணக்கு என்று பராமரிக்கச் சிறிய இடங்கள் தயங்குகின்றன.

அந்தத் தயக்கத்தினால் பரவியது நால்புஃபின். அந்த ரெஜிஸ்டர் தொல்லை இதற்கு இல்லை. 0.4 முதல் 0.8 மி.கி. போட்டால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும், அரிப்பு குறைவு, மூச்சைக் குறைப்பதிலும் ஒரு அளவுக்கு மேல் போகாது. நடுத்தரமான, நாணயமான மருந்து. ஆனால் மார்ஃபின் போட்டவருக்கு மேலே இதையும் வலிக்காகக் கொடுத்தால், அது மார்ஃபின் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும், வலி திரும்ப வரும். ப்யூப்ரினார்ஃபின் 60 மைக்ரோகிராம் அளவில் எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்குவதுண்டு, சேலத்தில் பல சீனியர்களுக்குக் கைப்பழக்கம் அதுதான். வாந்தி ஒன்றுதான் படுத்தும், வயிறு தைத்தவருக்கு வாந்தி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், இது பிடித்த இடத்தை எளிதில் விடாது, நாலாக்ஸோனுக்கும் லேசில் அசையாது. அதனால் வயதானவர்களுக்கு நான் போடுவதில்லை.

அபின் குடும்பத்தைச் சேராதவை இரண்டு: க்ளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின். மூச்சை அடக்காது, அரிக்காது என்பதால் இளம் டாக்டர்கள் இப்போது இதில்தான் ஆசையாக இருக்கிறார்கள். க்ளோனிடின் 15 முதல் 30 மைக்ரோகிராமில் ரத்த அழுத்தம் இறங்கும், அதுவும் வார்டுக்குப் போன பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராம் போட்டால் மரப்பும் வலி நிவாரணமும் நன்றாக நீளும், ஆனால் கால் அசையாத நேரமும் கூடவே நீளும், நாடித்துடிப்பு குறையும். முதுகு வழியாகப் போட இந்த மருந்துக்கு முறையான ஒப்புதல் இல்லை என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் சொல்வதில்லை.

இதன் அளவு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ஆம்பூலில் ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். நமக்கு வேண்டியது 5, அதாவது 0.05 மி.லி., ஒரு சொட்டு. அதை இன்சுலின் சிரிஞ்சில்தான் எடுக்க முடியும். சிவப்பு மூடி சிரிஞ்சு என்றால் ஒரு மி.லி.க்கு 40 கோடு, ஆரஞ்சு மூடி என்றால் 100 கோடு. ஆரஞ்சில் 5 கோடு, சிவப்பில் 2 கோடு. "அஞ்சு கோடு" என்று மனப்பாடம் செய்தவர் கையில் அவசரத்தில் சிவப்பு மூடி வந்தால் 12.5 மைக்ரோகிராம் ஏறிவிடும், நாடி 40-க்கு இறங்கி எல்லோரும் ஓட வேண்டியிருக்கும். இதனால்தான் நான் கோட்டை எண்ணாமல், ஆம்பூலைச் சத்தமாகப் படித்து, மைக்ரோகிராமைச் சத்தமாகச் சொல்லி, எதிரில் நிற்கும் சிஸ்டர் திருப்பிச் சொன்ன பிறகுதான் கலப்பேன். ஆம்பூல் மாறிப்போவது கற்பனை இல்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட்டைப் புபிவகெயின் என்று நினைத்து முதுகில் போட்டு உயிர்கள் போயிருக்கின்றன, உலக சுகாதார நிறுவனமே 2022-ல் எச்சரிக்கை விட்டது.

மிடசோலம், மக்னீசியம், கெட்டமின், நியோஸ்டிக்மின் என்று இன்னும் நிறைய முயன்று பார்த்திருக்கிறார்கள். நரம்புக்குக் கெடுதல் உண்டா என்ற சந்தேகமோ, ஓயாத வாந்தியோ, பலன் கொஞ்சமாக இருப்பதோ ஏதாவது ஒரு குறை இருக்கிறது. என் வீட்டு ஆளுக்குப் போட மாட்டேன், அதனால் உங்களுக்கும் சொல்லவில்லை.

எதையுமே சேர்க்காமல் இருப்பதும் ஒரு வழி என்பதை மறந்துவிடுகிறோம். முதுகில் வெறும் புபிவகெயின், அல்லது துளி ஃபென்டனில், அதோடு ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போகிற நரம்பைச் சுற்றி ஸ்கேன் பார்த்துத் தனியாக ஒரு மரப்பு ஊசி, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் பாராசிட்டமால் ஒரு கிராம். தவறாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், வலித்தால் கேளுங்கள் என்று விட்டுவிட்டால் நம் ஊர்ப் பெண்கள் கேட்கவே மாட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். இளவயதுக்காரர்களுக்கு டைக்ளோஃபினாக் சேர்க்கலாம், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு வேண்டாம்.

சரி, யாருக்கு எது? சிசேரியனுக்கு, ராத்திரி டியூட்டி டாக்டரும் பழகிய சிஸ்டர்களும் உள்ள ஆஸ்பத்திரி என்றால் 100 மைக்ரோகிராம் மார்ஃபினுக்கு இணை இல்லை, யோசிக்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த அளவில் தாய்ப்பாலில் போவது மிகச் சொற்பம். அரிக்கும், அதற்கு வேறு மருந்து இருக்கிறது. அதே சிசேரியன், ஒரே சிஸ்டர் இரண்டு மாடியைப் பார்க்கிற இடம் என்றால் ஃபென்டனிலும் வயிற்றுப் பக்கவாட்டில் மரப்பு ஊசியும். குடலிறக்கத்துக்குக் காலையில் வந்து சாயங்காலமே மலைக்குத் திரும்புகிறேன் என்பவருக்கு மார்ஃபின் கிட்டவே போகக் கூடாது, சிறுநீர் நின்றுபோகும், மூச்சைப் பார்க்க ஆளும் இருக்காது, பதினைந்தாவது வளைவில் இருட்டில் வண்டிக்குள் என்ன செய்வது? கால் நீண்ட நேரம் மரத்திருக்கும் என்பதால் டெக்ஸ்மெடிடோமிடினும் வேண்டாம். நடந்து காட்டி, சிறுநீர் கழித்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். குறட்டைவிட்டு மூச்சு முட்டுகிறவர்கள், அதிகப் பருமன் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இவர்களுக்கும் மார்ஃபின் என்றால் ஐ.சி.யூ. படுக்கையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சித்திக்கு வருகிறேன். சொந்தக்காரர்களுக்கு நான் ஊசி போடுவதில்லை, கை நடுங்கும். அங்கே போடுகிறவர் எனக்குத் தெரிந்தவர்தான், "என்ன சேர்க்கட்டும் மேடம்?" என்று அவரே கூப்பிட்டுக் கேட்டார். தம்பியிடம் நான் கேட்கச் சொன்ன விஷயங்களுக்கு அதற்குள் பதில் வந்திருந்தது: ராத்திரி ஒரு சிஸ்டர், ஒரு ஆயா, 14 படுக்கை, டியூட்டி டாக்டர் போன் போட்டால் வருவார், நாலாக்ஸோன் மருந்துக்கடையிலிருந்து வாங்கித்தான் வைக்க வேண்டும். மார்ஃபின் வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சித்திக்கு நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே ஓடுகிறது, அதனால் டெக்ஸ்மெடிடோமிடினும் இல்லை. தொடை மடிப்பில் முதலில் மரப்பு ஊசி, பிறகுதான் முதுகு ஊசிக்கு உட்கார வைப்பது என்று பேசிக்கொண்டோம். முறிந்த காலோடு உட்கார வைப்பது வளைவில் வண்டி சாய்வதைவிடக் கொடுமை, பலர் இதை யோசிப்பதே இல்லை. முதுகில் 2 மி.லி. புபிவகெயின், 15 மைக்ரோகிராம் ஃபென்டனில். அப்புறம் நேரம் தவறாமல் பாராசிட்டமால்.

தம்பிக்கு வருத்தம்தான். "காசு எவ்வளவுன்னாலும் பரவால்லக்கா, நல்ல மருந்தாவே போடச் சொல்லேன்" என்றான். காசு இல்லைடா, ராத்திரி உங்க அம்மா மூச்சை எண்ண ஆள் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எண்ணுறேன்" என்றான். எண்ணு, ஆனால் நீ பாதி ராத்திரியில் தூங்கிப்போவாய், அதை நம்பி மார்ஃபின் போட முடியாது என்றேன்.

இருந்தாலும் எண்ணியிருக்கிறான். மறுநாள் காலை நான் போனபோது மாத்திரை அட்டையின் பின்பக்கம் பேனாவால் வரிசையாக: 18, 16, 17, 16. மூன்று மணிக்கு மேல் இல்லை, அப்போது தூங்கிவிட்டான். இரண்டு மணிக்குச் சித்தி முனகியிருக்கிறார், சிஸ்டர் வந்து ஒரு ஊசி போட்டிருக்கிறார், அதற்கப்புறம் சித்தியும் தூக்கம். சிஸ்டர் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு, "பத்துக்கு எத்தனை வலிங்கம்மா?" என்று கேட்டார். சித்திக்குப் பத்துக்கணக்கு பிடிபடவில்லை.

"மலையில இருந்து இறங்குறப்போ முழு ரூபா, கண்ணு. இப்ப எட்டணாவுக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நாலு என்று எழுதச் சொன்னேன்.